சூடானால் நிற்கும் வண்டி

பழைய பெட்ரோல் வண்டி ஒன்று காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடியதும் நடுவழியில் அணைந்துபோகிறது. அரைமணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இந்தக் கோளாறுக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு. இக்னிஷன் காயில் சூடேறியதும் உள்சுற்று விட்டுப்போயிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சர் சூட்டில் மட்டும் வேலையை நிறுத்தலாம். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் போகலாம். டேங்க் மூடியில் காற்று போகும் துளை அடைபட்டு, பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகலாம். வெளியே தெரிவது என்னவோ நான்குக்கும் ஒரே அறிகுறிதான்.

எனக்குத் திருச்செங்கோட்டில் பட்டறை. ஊரே ரிக் வண்டிக்கும் லாரிக்கும் உழைக்கிற ஊர். நான் பியட், அம்பாசடர், பழைய மாருதி 800 என்று கார்புரேட்டர் வண்டிகளோடு நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். ஒரு விளைவைக் கண்ணால் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அதன் காரணத்தை இன்னதென்று சொல்ல மனிதனுக்கு எந்த அளவுக்கு உரிமை உண்டு? பட்டறையில் இது என் பிழைப்பு. வகுப்பில் அது வேறு மாதிரி என்னை உறுத்த ஆரம்பித்தது.

மணிமேகலையில், சமயக் கணக்கர்கள் தம் தம் கொள்கையைச் சொல்லும் 27ஆம் காதையில், கருதல் அளவையை, அதாவது அனுமானத்தை, மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். காட்டில் பிளிறல் கேட்டு யானை இருக்கிறது என்று உணர்வது ஒன்று. கருத்த மேகம் பார்த்து மழை வரும் என்பது இன்னொன்று. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு எச்சம் என்று பெயர். மெக்கானிக்கின் தொழில் முழுக்க இந்த எச்சம்தான். ஆனால் 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு, எங்கள் பக்கத்துக் காவிரியில் தண்ணீர் பெருகினால் மழையா, மதகு திறப்பா என்று விசாரிக்காமல் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரே விளைவுக்கு இரண்டு காரணம் வந்துவிட்டால் எச்சம் தடுமாறுகிறது. நான்கு வந்தால் கேட்கவே வேண்டாம். அதே காதை, அறிவில் நேரும் எட்டுப் பிழைகளையும் அடுக்குகிறது. அவற்றில் ஒன்று தேராது தெளிதல்: தூணைப் பார்த்து, நின்று ஆராயாமல், மனிதன் என்றே முடிவு செய்துவிடுவது. மார்கழிக் காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை கண்டதும் ஹெட் கேஸ்கெட் போச்சு என்று இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் ஈர ஆவியாக இருந்தால் இன்ஜின் சூடானதும் மறைந்துவிடும். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் போதும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறார். 1089 சிசி, நான்கு சிலிண்டர், நன்றாகப் பராமரித்த வண்டி. அது மேலே சொன்ன மாதிரி நிற்கத் தொடங்கியது. வேறோர் இடத்தில் காயிலை மாற்றினார்கள், பிறகு பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். கோளாறு அப்படியே இருந்தது. என்னிடம் வந்தபோது, “பட்டறையில நிறுத்தி வெச்சுப் பார்த்தா ஒண்ணும் தெரியாதுங்க ஐயா, நிக்கிற வரைக்கும் ஓட்டலாம் வாங்க” என்று கூட்டிக்கொண்டு சங்ககிரிப் பக்கம் போனேன். நின்றது. உடனே பானெட்டைத் திறந்து ஒரு பிளக் வயரை உருவி, பிளக்கைப் பாடியில் வைத்து, அவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். பளிச்சென்று நீலப் பொறி. இந்த வகை இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. காயில் 12 வோல்ட்டைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலே ஏற்றித் தருகிறது. வண்டி நின்ற அந்த நேரத்திலேயே பொறி நீலமாக வருகிறதென்றால் காயிலும் கண்டென்சரும் குற்றவாளிகள் இல்லை. இனி பெட்ரோல்தான். டேங்க் மூடியைத் திருகியதும் ஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

அதோடு விட முடியாது. மூடியைத் தளர்த்தி வைத்து அதே தூரம் ஓட்டினோம், நிற்கவில்லை. இறுக்கி மூடி ஓட்டினோம், நின்றது. தர்க்க நூல்கள் அநுவயம், வெதிரேகம் என்று சொல்வது இதைத்தான்: காரணம் இருந்தால் விளைவு இருக்கும், காரணத்தை எடுத்தால் விளைவும் போகும். இரண்டையும் பார்த்த பிறகுதான் எனக்குப் பேச வாய் வந்தது. யாரோ பெட்ரோல் திருடியதால் வாத்தியார் பூட்டு வைத்த புது மூடி வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த மூடியில் காற்றுத் துளையே இல்லை.

திரும்பும் வழியில்தான் பேரனைப் பற்றிச் சொன்னார். பிறவியிலேயே காது கேட்கவில்லை. உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்து, போன பிறவியில் பெரியவர்கள் சொல்லைக் கேட்காத பாவம் என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். “நீங்க சித்தாந்தம் படிக்கறீங்களே, அப்படியா இருக்கும்?” என்று கேட்டார். அந்தப் பெண் ராத்திரியில் தூங்குவதில்லை என்றும் சொன்னார்.

நான் வினையை நம்புகிறவன். உலகத்தில் காரணம் இல்லாமல் ஒரு பொறிகூடப் பறக்காது என்பது என் கை அறிந்த உண்மை. ஆனால் காரணம் உண்டு என்பது ஒன்று, இதுதான் காரணம் என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதை நான் வண்டியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்ல சங்ககிரி வரை போக வேண்டியிருந்தது. பிறவிச் செவிட்டுக்கும் பல காரணங்கள் உண்டு. தாய், தகப்பன் இருவர் வழியிலும் மறைந்து வரும் மரபணுக் குறை, கர்ப்பத்தில் வந்த ருபெல்லா அம்மை, பிறந்தவுடன் கடுமையாகத் தாக்கிய மஞ்சள் காமாலை. டாக்டர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழிக்கிறார்கள். தெரிந்த காரணத்துக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 2017இல் நம் மாநிலத்தில் தட்டம்மையோடு ருபெல்லாவுக்கும் பிள்ளைகளுக்கு ஊசி போட்டது அதற்காகத்தான். போன பிறவியை உருவிப் பார்க்க எந்த பிளக் வயர் இருக்கிறது? அந்த வினையை எடுத்துவிட்டு, இதே பிள்ளை கேட்கிறானா என்று பார்க்க முடியுமா? முடியாத இடத்தில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது தேராது தெளிதல்தான். தூணை மனிதன் என்றால் தூணுக்கு வலிக்காது. இங்கே ஒரு தாய் இருக்கிறாள்.

இதை வகுப்பில் எழுப்பினேன். ஆசிரியர் பெரிய படிப்பாளி, என்மேல் அன்பும் உள்ளவர். பல்லக்கில் போகிறவனையும் அதைச் சுமக்கிறவனையும் பற்றிய குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையை எடுத்துக்காட்டினார். அறத்தின் பயன் இதுவென்று நூலைக் கொண்டு உணர்த்த வேண்டாம், காட்சி அளவையாலேயே உணரலாம் என்பது அந்த உரை. பரிமேலழகர்மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த இடத்தில் மட்டும் என்னால் அவரோடு போக முடியவில்லை. காட்சியில் இருப்பது இரண்டு ஆட்களும் ஒரு பல்லக்கும். மற்றது நாம் சேர்த்தது. சுமப்பவன் கடன்பட்டவனாக இருக்கலாம், அவன் தகப்பனின் நிலத்தை யாரோ பறித்திருக்கலாம்.

சிவஞான சித்தியார் இதில் எவ்வளவோ கவனமாக இருக்கிறது. அளவைகள் எத்தனை சொன்னாலும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிற, அதை இயற்றிய அருணந்தி சிவம், முன்பு செய்ததன் பயனை இப்போது நுகர்கிறோம் என்ற அறிவை உரையைச் சார்ந்த அனுமானத்தில் வைக்கிறார். அதாவது ஆகமத்தை நம்பித்தான் அது தெரிகிறது, பார்த்துத் தெரிவதில்லை. ஆகமம் பொது விதியைச் சொல்கிறது. இந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு என்று அது எங்கும் எழுதித் தரவில்லை. வினை சடம், தானாக வந்து ஒட்டாது, சிவன்தான் பயனைக் கூட்டுவிக்கிறான் என்பதும் சித்தாந்தமே. அப்படியானால் கணக்கு அவனிடம் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் கையில் இல்லை.

“அப்போ வினைக் கொள்கையால என்ன பயன்னு கேக்கறீங்களா?” என்றார் ஆசிரியர். அப்படி இல்லை. என் துன்பத்தை நான் தாங்க அது உதவுகிறது. இன்று கை கூசாமல் ஒரு பொய்ப் பில் எழுதவிடாமல் அது என்னைத் தடுக்கிறது. அதைப் பிறருடைய துன்பத்தின்மேல் திருப்பும்போதுதான் அது கெட்டுப்போகிறது.

அதற்கு எங்கள் ஊரே சாட்சி. கொடிமாடச் செங்குன்றூர் என்று தேவாரம் சொல்வது இந்தத் திருச்செங்கோட்டைத்தான். ஞானசம்பந்தர் இங்கே வந்தபோது உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அப்போது பாடியது திருநீலகண்டப் பதிகம். எடுத்த எடுப்பிலேயே, இந்த வினைக்கு இந்தப் பலன் என்று பேசிக்கொண்டே, உய்யும் வழி தேடாமல் இருக்கிறீர்களே, அது குறை அல்லவா என்று கேட்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. சுரம் கண்ட அடியார்களிடம் நீ எந்தப் பிறவியில் என்ன செய்தாய் என்று விசாரிக்கவும் இல்லை. சுரம் தீர வேண்டும் என்று பாடினார், தீர்ந்தது என்கிறது பெரிய புராணம்.

வாத்தியாரிடம் இதைத்தான் சொன்னேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள், ஆறு வயதுக்குள் போக வேண்டும், அதன் பிறகு பேச்சுப் பயிற்சியை விடாமல் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். பயிற்சிக்குப் போய்வர வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வகுப்பில் அடுத்து வருவது சித்தியாரின் சுபக்கப் பகுதியில் இரண்டாம் சூத்திரம், வினையைப் பற்றிய பகுதி. அதைத் தொடங்கும் முன் நீலகண்டப் பதிகத்தை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து படிக்கலாம் என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாத்தியாரின் மருமகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.