ஒரே கடைக்கு இரண்டாவது தடவை

இரண்டு மூன்று நாள் விடுப்பில் தனியாக வெளியூர் கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் கையில் ஒரு பட்டியலோடுதான் கிளம்புகிறார்கள். இன்ன ஊருக்குப் போனால் இன்ன பத்தைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்று யாரோ எழுதி வைத்தது. மியான்மரின் யாங்கோன் என்றால் மொஹிங்கா, தேயிலை ஊறலில் செய்த லபெட் தோக், ஷான் நூடுல்ஸ், தேங்காய்ப்பால் ஊற்றிய ஓன்னோ கௌஸ்வே என்று அது நீளும். வேளைக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு படம், உடனே அடுத்த கடைக்கு ஓட்டம். போயிருப்பவர் ஒருவர், அவருக்கு இருப்பது ஒரு வயிறு என்பதை அந்தப் பட்டியல் கணக்கில் சேர்ப்பதில்லை. பத்துக் கடைகளில் ஒவ்வொரு தடவை சாப்பிடுவதைவிட, முதல் நாள் உட்கார்ந்த கடைக்கே மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் உட்காருவது நல்லது என்று நான் நம்புகிறேன். ஓர் ஊரின் சாப்பாடு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்று யோசித்துப் பார்த்ததில்தான் இந்த நம்பிக்கை வந்தது.

யாங்கோனின் வடபகுதியில் இருக்கிறது ஷ்வேப்யிதா. பொன்னான இனிய நாடு என்பதுபோலப் பொருள் தரும் பெயர். 1980களின் பிற்பகுதியில் நகரத்தை விரித்தபோது உருவான புதுக் குடியிருப்புகளில் ஒன்று. தொழிற்பேட்டைகளும் துணி தைக்கும் ஆலைகளும் நிறைந்த பகுதி. கிராமத்திலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள் சின்னச் சின்ன வாடகை அறைகளில் சேர்ந்து தங்கி வேலைக்குப் போகும் இடம். எந்தச் சுற்றுலாப் புத்தகமும் இங்கே போகச் சொல்லாது. ஆனால் மொஹிங்கா ஏன் இப்படி இருக்கிறது என்பது இந்த மாதிரி இடத்தை வைத்துப் பார்த்தால்தான் புரியும். கெளுத்தி மீனை எலுமிச்சைப் புல், இஞ்சி, பூண்டோடு வேகவைத்து, முள் நீக்கி மசித்து, வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்துக் கெட்டியாக்கி, வாழைத்தண்டு நறுக்கிப் போட்டு, நள்ளிரவிலோ விடிகாலையிலோ கொதிக்கத் தொடங்கும் குழம்பு அது. மெல்லிய அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடலாம். காசு இருந்தால் அவித்த முட்டை, சுரைக்காய் பஜ்ஜி, பருப்பு வடை சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் வெறும் கிண்ணமே மதியம் வரை தாங்கும். 2018இல் மியான்மர் அரசு எட்டு மணி நேர வேலைக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 4,800 சாட். அப்படிப்பட்ட கூலிக்காரரின் காலைக்கும் அவசரத்துக்கும் பொருந்திப் பொருந்தித்தான் அந்தக் கிண்ணம் இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது. வெயில் ஏறிய பிறகு குளிர்ந்த ஓட்டல் அறையிலிருந்து இறங்கி வந்து அதையே சாப்பிடுகிறவருக்கு மீன் குழம்பு கிடைக்கும். மொஹிங்காவில் பாதிதான் கிடைக்கும்.

பிறப்பிடத்தை வைத்து ஊர்ச் சாப்பாட்டைத் தீர்மானிக்கப் போனால் யாங்கோனில் தமிழர் உடனே தடுமாறிப்போவார். தெருவோரம் தோசை வார்க்கிறார்கள். அங்கே அது தோஷே. பரோட்டாவுக்குப் பெயர் பலாட்டா. சமோசாவை வெட்டிப்போட்டு முட்டைக்கோஸ், புதினா, புளி சேர்த்துப் பிசைந்தால் சமுசா தோக். எண்ணெயில் பொரித்த சீன நீள ரொட்டி அதே டீக்கடை மேசையில் இருக்கும். 1937 வரை, இன்றைய மியான்மரான பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931 கணக்கெடுப்பின்போது, அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கோனின் சுமார் நான்கு லட்சம் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர் 1871இல் கட்டிய காளி கோயில் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. இந்த இந்தியர்களில் பெரும்பாலோர் 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சியும், 1962க்குப் பிறகு கடைகளும் தொழில்களும் அரசுடைமையானதாலும் வெளியேறினார்கள். ஆட்கள் போனார்கள், தோசைக்கல் அங்கேயே தங்கிவிட்டது. அதை அங்குள்ளவர்கள் தங்கள் காலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். இது நம்முடையது, அது அசலானது என்று பிரிப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. நாம் இட்லிக்கு அரைக்கும் உளுந்திலேயே ஒரு பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து இறங்குவதுதான். ஒரு சாப்பாடு எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், எந்த நேரத்தில், எந்தப் பெஞ்சில், யாருடைய பசிக்கு அது தினமும் பரிமாறப்படுகிறது என்பதே அதை ஓர் ஊருக்குச் சொந்தமாக்குகிறது.

அப்படியானால் அந்த நேரத்தையும் பெஞ்சையும் வெளியூர்க்காரர் எப்படி அறிவது? மறுபடி போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பர்மிய டீக்கடையையே எடுத்துக்கொள்ளலாம். சுண்டிய பாலும் சீனிப்பாலும் கலந்த டீயில் எவ்வளவு கடுப்பு, எவ்வளவு இனிப்பு, எவ்வளவு பால் என்பதற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. முதல் நாள் கொடுத்ததைக் குடிப்போம். பக்கத்து முக்காலிக்காரர் எப்படிக் கேட்டார் என்பது காதில் விழும். மறுநாள் நாமும் அப்படிக் கேட்போம். மேசைமேல் இருக்கும் பிளாஸ்கில் பச்சைத் தேநீர் காசில்லாமல் ஊற்றிக்கொள்ளலாம் என்பதும், ஒரு கோப்பை வாங்கியவர் அதைக் குடித்துக்கொண்டு வெகுநேரம் உட்காரலாம் என்பதும் அவசரமாக வந்துபோகிறவருக்குத் தெரியாது. சோற்றுக்கடையிலும் இதேதான்: ஒரு குழம்பு சொன்னால் சூப்பும், பச்சைக் காய்களும், தொட்டுக்கொள்ள மீன் விழுதுக் கரைசலும் தாமாகவே வந்துவிடும். பலர் கூடிப் பகிர்ந்து சாப்பிடும் நாட்டில் தனி ஆளாகச் சாப்பிடுவது வெறுமை என்பார்கள். வீட்டு விருந்துக்கு அது பொருந்தும். இந்தக் கடைகளோ வேலைக்கு நடுவே தனியாக வந்து உட்காருகிறவர்களையும் நம்பி நடப்பவை. அங்கே தனி ஆள் யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை.

இருப்பதே மூன்று நாள், அதில் ஒரே கடைக்குத் திரும்பப் போனால் மற்றவற்றை இழந்துவிடுவோமே என்று கேட்கலாம். இழப்போம். பத்து நாள் இருந்தாலும் இழப்போம். ஓர் ஊரை முழுதாகச் சாப்பிட்டு முடித்தவர் எவரும் இல்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதற்குக் கொதிக்கும் அண்டாவும் கூட்டமுமே பதில். சைவர்கள் கவனமாகத்தான் இருக்க வேண்டும். தேயிலைக் கலவையில்கூட உலர்ந்த இறால் இருக்கும். ஆனால் சைவத்துக்குப் பர்மிய மொழியில் உள்ள தெத்தத்லூட் என்ற சொல்லுக்கே கொலை நீங்கியது என்பதுதான் பொருள். பௌத்த நாட்டில் அதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கடலை மாவில் கிண்டிய ஷான் தோஃபுவைச் சாப்பிட்டே சில காலைகளைத் தள்ளலாம்.

இன்னொரு கேள்வியை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை. உழைத்துக் களைத்தவர்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்கப் போவது சரியா? ஒரு தடவை வந்து படமெடுத்துப் போகிறவர் வேடிக்கை பார்க்கிறவர்தான் என்றும், மறுநாளும் வந்து காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் வாடிக்கையாளர் என்றும் சாதாரணக் காலத்தில் நான் வாதாடுவேன். இது சாதாரணக் காலமல்ல. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிலாளர்கள் திரளாகத் தெருவுக்கு வந்தார்கள். மார்ச் 14 அன்று பக்கத்து ஹ்லைங்தாயாவில் ஏராளமானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றே ஹ்லைங்தாயாவிலும் ஷ்வேப்யிதாவிலும் ராணுவச் சட்டம் போடப்பட்டது. சாட்டின் மதிப்பு சரிந்து, அரிசி எண்ணெய் விலை ஏறி, அதே கிண்ணம் அதே கூலிக்காரருக்கு எட்டாமல் தூரம் போகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதே கடைக்காரருக்குத் தொல்லையாக முடியலாம். ஆகவே, இப்போது அங்கே போகச் சொல்லி நான் எழுத மாட்டேன். அவர்களுடைய காலைப் பசிக்குப் பக்கத்தில் நமக்கு ஓர் இடம் கிடைப்பது நம் உரிமை இல்லை.

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ இரண்டு நாள் சென்னைக்குத் தனியாக வருகிறவர் இந்த வாதத்தை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். பர்மா பஜாரை அடுத்த செகண்ட் லைன் பீச் சாலையில், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ கடைகள் இருக்கின்றன. பர்மிய மொழியில் பிசைந்த கலவைக்குப் பெயரான அதோக்தான் இங்கே அத்தோ ஆனது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர் சேர்த்துத் தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். யாங்கோனில் விடிகாலைக் குழம்பில் கிடக்கும் அதே வாழைத்தண்டு, இங்கே பீச் ஸ்டேஷனுக்கு ரயில் பிடிக்கப் போகிறவர்களின் சாயங்காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதல் நாள் எல்லோரும் நின்றபடியே சூப்பை முதலில் குடிப்பதைப் பார்க்கலாம். மறுநாள் அதே நேரத்துக்குப் போனால், தீர்ந்ததும் கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்கலாம்.