மலைமேல் கிடைத்த கட்டளை

"நான் தோட்டத்துப் பிள்ளை. நான் போய் யாருக்கு என்னத்தைச் சொல்ல?" இறம்பொடையில் இந்தப் பேச்சை இனி எவர் வாயிலிருந்தும் கேட்க எனக்குப் பொறுமையில்லை. தம்பி, தங்கச்சி, வேதத்தைத் திற. மத்தேயு 28ஆம் அதிகாரம். எல்லா இனத்தாரையும் சீடராக்கச் சொன்ன கட்டளை எருசலேம் ஆலயத்தில் கொடுக்கப்படவில்லை. கலிலேயாவில், ஒரு மலைமேல் கொடுக்கப்பட்டது. அங்கே நின்றவர்கள் பதினொரு பேர். அவர்களிலும் சிலர் சந்தேகப்பட்டதை 17ஆம் வசனம் ஒளிக்காமல் சொல்கிறது. ஆண்டவர் ஒருவரையும் ஒதுக்கவில்லை. சந்தேகப்பட்டவர்களையும் சேர்த்துத்தான் அனுப்பினார்.

உன் பேச்சைக் கேட்டுக் கொழும்பில் யாரோ சிரித்தார்களாம். அதற்காகவா வாயை மூடிக்கொண்டாய்? பேதுருவையும் அவருடைய பேச்சே காட்டிக்கொடுத்தது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் நின்றவர்கள் அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள். பயந்து மறுதலித்தார். சில வாரங்களில் பெந்தெகொஸ்தே நாள் வந்தது. இவர்கள் கலிலேயர்தானே என்று கூட்டம் வியந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால்தான் பேதுரு எழுந்து நின்றார். அன்று சேர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேர். திக்கிய நாவோடு மோசே போனார், சிறுபிள்ளை என்று தயங்கிய எரேமியா போனார். நீ மட்டும் எந்தக் காரணத்தைச் சொல்லித் தப்பப் போகிறாய்?

நம் மலைக்கே வருவோம். கோப்பிக் காலத்தில், 1854இல், சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கம் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியது. நடத்தியவர்கள் வெள்ளைக்காரக் குருமார், பணம் கொடுத்தவர்களில் துரைமாரும் உண்டு. ஆனால் கோப்பிக் காட்டுக்குள் வார்த்தையைச் சுமந்து போனவர்கள் திருநெல்வேலியிலிருந்து கடல் தாண்டி வந்த தமிழ் உபதேசியார்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூடும்போதும், வேலை முடிந்து லயத்து வாசலில் அடுப்பு புகையும்போதும் நின்று பேசினார்கள். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறாத கால் இந்த மலையில் உண்டா? நற்செய்தியோடு மலைகளின்மேல் வருகிறவர்களின் பாதங்களைத்தான் ஏசாயா 52ஆம் அதிகாரம் அழகென்று போற்றுகிறது. துரைமாரின் பெயர்கள் தோட்டப் பலகைகளில் நிற்கின்றன. அந்த உபதேசியார்களின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இன்னும் முன்னால் போனால் புனித யோசேப் வாஸ். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் வந்து இறங்கினார். தமிழும் சிங்களமும் கற்றார். கண்டியில் ஒற்றனென்று சிறை வைத்தார்கள். 1711இல் கண்டியிலேயே கண்மூடினார். வந்து இறங்கியபோது படையோ அரசோ அவர் பின்னால் நிற்கவில்லை.

ஒன்றை மறக்காதே. அடுத்த காம்பராவில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கும் அக்காவை இழிவாகப் பேசவோ, அரிசிப் பையைக் காட்டி ஆளிழுக்கவோ இந்தக் கட்டளையில் இடமே இல்லை. நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. அந்த அக்காவின் பிள்ளைக்கு நடுச்சாமத்தில் காய்ச்சலென்றால், தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கும் முதல் ஆள் நீயாக இரு. ஏன் வந்தாய் என்று அவர் கேட்டால் மென்று விழுங்காமல் சொல்.

வருகிற ஞாயிறு வேதபாடம் வாசிக்க ஆள் கேட்பார்கள். பின்வாங்கில் குனிந்துகொள்ளாதே. எழுந்து போய் ரோமர் 10ஆம் அதிகாரத்தை உன் குரலில், உன் ஊர்ப் பேச்சில் வாசி. சொல்ல ஆளில்லாமல் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று பவுல் கேட்கும் இடம் வரும்போது தலையை நிமிர்த்திச் சபையைப் பார்.