ஆசனம் யாருடையது?

பசுபிக்கில் துவாலு என்றொரு பொலினீசியத் தீவு நாடு உண்டு. சனத்தொகை பதினோராயிரம் வரைதான். அரசியல் கட்சி ஒன்றுகூட இல்லை. 2010 டிசம்பரில் அங்கே அமைச்சராயிருந்த வில்லி டெலாவி எதிரணிப் பக்கம் போனார். 8க்கு 7 என்ற வாக்கில் பிரதமர் கவிழ்ந்தார். சில நாட்களில் டெலாவியே பிரதமர். கட்சியில்லாத ஊரில் இதைக் கட்சி தாவல் என்று எப்படிச் சொல்வது?

நமது மட்டக்களப்பில் அந்தச் சங்கடம் இல்லை. செல்லையா இராசதுரை 1956 முதல் தமிழரசுக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். 'சொல்லின் செல்வர்' என்று ஊர் கொண்டாடிய பேச்சாளர். 1977இல் உதயசூரியன் சின்னத்தில் நின்றார். அதே தொகுதியில் வீட்டுச் சின்னத்தில் காசி ஆனந்தனும் நின்றார். ஒரே அணியின் இரு வேட்பாளர்கள்! தலைமை தன்னைத் தோற்கடிக்கப் பார்த்தது என்று அவர் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனாலும் வென்றார்.

1979 பெப்ரவரியில் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் நிறைவேறியது. கட்சி மாறுகிறவரின் ஆசனம் தப்புவதற்கு அது வழிவிட்டது. மார்ச்சில் இராசதுரை ஐ.தே.க.வில் சேர்ந்து அமைச்சரானார்.

மண்டூரில் எனக்கொரு மூத்த சிநேகிதர், ஓய்வுபெற்ற ஆசிரியர். குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்தபோது இதைக் கேட்டேன். "எங்கட தொகுதி பட்டிருப்பு தம்பி. ஆனா அவர்ர பேச்சக் கேக்கிறத்துக்குப் பாதையேறிப் போவம். போனவர் போகட்டும், சூரியனுக்குப் போட்ட வோட்டையும் எடுத்துக்கிட்டெல்லோ போனவர்" என்றார்.

நானும் அவர் பக்கம்தான். இராசதுரையின் மனக்குறை நியாயமானது. அமைச்சராக அவர் ஊருக்குச் செய்ததையும் மறைக்கத் தேவையில்லை. கல்லடியில் விபுலானந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி அவர் காலத்தில் வந்ததுதான். என்றாலும் கட்சி செய்த அநீதிக்கு வாக்காளன் எப்படிப் பொறுப்பாவான்? அவன் தனிநாட்டுக் கோரிக்கைக்குக் கொடுத்த வாக்கு, அதை எதிர்த்த அரசாங்கத்தின் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது. கட்சி மாறுவது ஒருவரின் உரிமை. ஆசனத்தையும் கூடவே கொண்டுபோவதைத்தான் என் மனம் ஏற்கவில்லை.

எம்.எச்.எம். அஷ்ரஃபும் 1977இல் கூட்டணி மேடைகளில் பேசியவரே. பின்னர் விலகினார், முஸ்லிம் காங்கிரஸைக் கட்டி, மரச் சின்னத்தில் 1989இல் தனக்கென்று வாக்குக் கேட்டார். கொண்டுபோவதற்கு அவரிடம் ஆசனம் எதுவும் இருக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், அவருக்கு அது இலகுவாயிருந்தது.

அவர் கட்டிய கட்சிக்கு அது இலகுவாயிருக்கவில்லை. 2020 ஒக்டோபரில் இருபதாவது திருத்தத்தைத் தலைவர் ஹக்கீம் எதிர்க்க, கட்சியின் மற்ற உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். அவர்களுள் மட்டக்களப்பு மாவட்டத்தின் நசீர் அஹமட் 2022இல் அமைச்சருமானார். கட்சி அவரை நீக்கியது செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் ஆசனத்தை இழந்தார்.

தீர்ப்பு வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். மகிழ்ச்சி ஆறியபின் யோசித்தேன். 1979இல் ஆசனம் ஆளோடு போனது, 2023இல் கட்சியிடம் திரும்பியது. பட்டியலில் அடுத்திருந்த அலி ஸாஹிர் மௌலானா பாராளுமன்றம் சென்றார். மட்டக்களப்பு வாக்காளனிடம் இரண்டு தடவையும் எவரும் எதுவும் கேட்கவில்லை.