பொன்னிறச் சிறகும் உள்ளுறை நஞ்சும்



நம் ஐதராபாத்திற்குத் தெற்கே, கிருஷ்ணை நதிக்கரையில் அமைந்திருந்த நாகார்ச்சுனகொண்டாவில் 'சிங்கள விகாரை' ஒன்று இருந்ததென்று கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சாற்றுகின்றது. இலங்கைத் தீவின் தம்ம உறவு இப்பக்கத்தாருக்குப் புதிதன்று. அத்தீவின் காட்டில் வாழும் ஒரு வண்ணத்துப்பூச்சியே இன்று நமக்கு ஆசிரியராகட்டும்.

இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சி அது. அத்தீவையன்றி வேறெங்கும் இயற்கையில் வாழ்வதில்லை. விரித்த சிறகுகள் 15 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுடையவை. முன்சிறகுகள் கருநிறம், பின்சிறகுகளோ கரிய ஓரமிட்ட பொன்மஞ்சள். மரங்களுக்கு மேலே அது மிதந்து செல்லும்போது பொற்றகடு பறப்பதாகவே தோன்றும். ஆயினும் பறவைகள் அதனை உண்ண அஞ்சும். காரணம் யாது?

அது புழுவாயிருந்தபோது ஈசுவரமூலிக் கொடியின் இலையைத் தின்று வளர்ந்தது. அவ்விலையில் நஞ்சுண்டு. பின்னர்க் கூட்டுப்புழுவாகி உறங்கிச் சிறகு பெற்றது. ஊர்ந்தது பறக்கின்றது, இலை தின்றது தேன் பருகுகின்றது. உருவம் மாறியது, உணவும் மாறியது. அன்று உண்ட நஞ்சு மட்டும் உடலை விட்டு அகலவில்லை!

அன்பர்களே, நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில் நமக்கெனத் தனிக் குடம் வைத்திருந்தனர். அந்த இழிவைத் தாளாது திரிசரணம் அடைந்தோம், வெள்ளாடை உடுத்தோம், பிறர்க்குத் தம்மம் உரைக்கவும் முன்வந்தோம். பின்னொரு நாள் நம் மகளுக்கு ஒரு வரன் வந்தது. மணமகனும் பௌத்தரே. அவருடைய ஒழுக்கத்தைக் கேட்டோமா? இல்லை. "அவர்கள் எந்த வகையறா?" என்றே முதலில் கேட்டோம்.

மகள் நம்மை நோக்கி, "அப்பா, தனிக் குடம் வைத்தவர்களும் இதைத்தானே கேட்டார்கள்?" என்றாள். நாம் நாணித் தலைகுனிந்தோம். சிறகு முளைத்தும் பழைய இலையின் நஞ்சு நம்முள் இருந்தது.

வண்ணத்துப்பூச்சிக்கு அந்நஞ்சு காவல். அதனை உமிழ அதற்கு இயலாது. உமிழ வேண்டுவதும் இல்லை. மனிதனுக்கோ சாதி என்னும் நஞ்சு காவலன்று, கேடே. அதனை உமிழும் ஆற்றலும் அவனுக்கு உண்டு. பிறப்பினால் எவரும் உயர்வதில்லை, செய்கையினாலேயே உயர்வர் என்று பகவன் புத்தர் போதித்ததை விகாரையில் மட்டும் ஓதினாற் போதாது. பெண் கொடுக்கும் திண்ணையிலும் கைக்கொள்ள வேண்டும்.

அம்மணமகனுக்கே மகளைக் கொடுத்தோம். அவர் எந்த வகையறா என்பதை இன்றுவரை நாம் அறியோம்.

சர்வ மங்களம் உண்டாகுக!