குருவிகளின் அழுகை



ஜெர்மனியிலுள்ள ரேகன்ஸ்பூர்க் மேற்றிராசனக் கோவிலின் பாடற்குழு உலகப் புகழ் பெற்றது. 975-ம் ஆண்டில் அர்ச். வொல்ப்காங் மேற்றிராணியார் நிறுவிய பள்ளியிலிருந்து அது தோன்றிற்று. அங்கே பாடும் சிறுவர்களைக் 'கோவில் குருவிகள்' என்று ஜனங்கள் செல்லமாய் அழைக்கிறார்கள்.

ஆனால் 2017-ல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னதைக் கேளுங்கள். 1945 முதல் 1990-களின் தொடக்கம் வரை, குறைந்தது 547 சிறுவர்கள் அங்கே வதைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் அடிபட்டார்கள், காமக் கொடுமைக்கு இரையானவர்களும் உண்டு. வதைத்தவர்களில் குருக்களும் இருந்தார்கள். இதை எழுத என் கை கூசுகிறது.

"பாட்டு அருமையாயிருந்ததே, அது சர்வேசுரனுக்கு மகிமைதானே?" என்று கேட்பீர்களோ? இல்லை. சுருதி சேர்ந்தால் மட்டும் பாட்டு ஜெபமாகிவிடாது. பீடத்தருகே எழுந்த பாட்டைக் கேட்டவர், படுக்கையில் விம்மிய பிள்ளையின் அழுகையையும் கேட்டார். குருவிகளைப் பற்றிச் சேசுநாதர் சொன்னதை நினையுங்கள்.

பெற்றோரே, பாட்டுப் பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம், "நன்றாய்ப் பாடினாயா?" என்று கேட்கிறோம். "யாராவது உன்னை நோகச் செய்தார்களா?" என்றும் கேளுங்கள். ஆம் என்றால், நம்புங்கள். செய்தவர் குருவானவரேயானாலும் மறைக்காதீர்கள்.