தன் கோலால் பிறர் தொழிலை அளக்கலாமா?

ஓர் ஆலயத்தின் கும்பாபிஷேகப் பெருவிழா இனிதே நிறைவெய்திய பின் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் அடியவரின் கண்ணுக்குத் தெரிவது கலசம் ஒன்றே. அக்கலசம் அங்கு ஏறுவதற்குப் பலருடைய கைகள் உழைத்திருக்கின்றன. கல்லிலே உருவம் கண்ட ஸ்தபதி, சுவர் எழுப்பிய மேசன், சாரம் கட்டிய தொழிலாளி, கதவு செய்த தச்சர், கிரியைகளை ஆற்றிய சிவாசாரியார், மங்கல இசை முழங்கிய நாதஸ்வர தவில் வித்துவான்கள், திருமுறை ஓதியோர், மாலை கட்டியோர், மின்விளக்குப் பூட்டியோர், மடைப்பள்ளியில் வியர்வை சிந்தியோர், அன்னதான மண்டபத்தில் எச்சில் இலை எடுத்தோர் எனப் பட்டியல் நீளும். இவர்களுள் ஒருவருடைய வேலையை மற்றவரால் இலகுவில் செய்ய இயலாது. ஆயினும் ஒருவர் வராவிட்டால் அனைவருடைய வேலையும் தடைப்படும்.

இவ்வாறு பல தொழிலோர் கூடுமிடத்தில், “எல்லாத் தொழிலும் சமம்” என்று மேடையில் கூறுவது எளிது. வேலை நடக்கும் இடத்தில் அவ்வாறு நடப்பதுதான் கடினம். படித்தவர் தம் படிப்பைக் கொண்டும், பணம் கொடுத்தவர் தம் பணத்தைக் கொண்டும், ஊரில் மூத்த குடியினர் தம் பழைமையைக் கொண்டும் மற்றவரை அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாம் அறியாத தொழிலைச் செய்யும் ஒருவரை எந்தக் கோலால் அளப்பது? அளக்கும் உரிமைதான் யாருக்கு உண்டு? கூடி வேலை செய்யும் எவரும் தட்டிக்கழிக்க முடியாத அறக்கேள்வி இது.

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்திலே இக்கேள்விக்கு ஒரு வரலாறு விடை தருகின்றது. திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் பாணர் குலத்தவர். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் அந்தணர் குலத்தவர். வயதிலே மிக இளையவர். சம்பந்தர் பதிகம் பாட, யாழ்ப்பாணர் அதனை யாழிலே இசைத்து, தலந்தோறும் உடன் சென்றார். பாணரின் ஊர் உறவினர் தருமபுரத்திலே அவரைச் சந்தித்தபோது, அவர் யாழில் இட்டு வாசிப்பதனாலேதான் அப்பதிகங்களின் இசை உலகெங்கும் பரவுகின்றது என்று புகழ்ந்தார்கள். அது கேட்டு யாழ்ப்பாணர் மகிழவில்லை, மனம் நடுங்கினார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டுமென்று அவரே சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடிய பதிகத்தின் இசை யாழில் அடங்கவில்லை. வருந்திய பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதனைத் தடுத்து, யாழில் இயன்ற அளவு வாசிக்கும்படி கூறி அவரை ஆற்றினார். அப்பதிகம் இன்றும் ‘யாழ்முரி’ என வழங்குகின்றது.

இவ்வரலாற்றிலே கவனிக்கத்தக்கவை இரண்டு. யாருடைய பங்கு பெரிது என்று அளந்தவர்கள் வேலையில் ஈடுபட்ட இருவரும் அல்லர். வெளியே நின்ற உறவினரே. மற்றது, யாழுக்கு ஓர் எல்லை உண்டென்ற உண்மை மறைக்கப்படவில்லை. ஆனால் அந்த எல்லை தெரிந்த பின்னும் யாழ் கைவிடப்படவில்லை. திருநல்லூர்ப் பெருமணத்திலே சோதியிற் கலக்கும் நாள் வரை யாழ்ப்பாணர் சம்பந்தருடனேயே இருந்தார். ஒருவரின் இயலாமையைக் கண்டதும் அவரை ஒதுக்கி வைப்பதும், இல்லாத திறமையை இருப்பதாகப் பொய்யாகப் புகழ்வதும் உடன் உழைப்பவர்க்கு அழகல்ல என்பது இதனாற் பெறப்படும்.

புராணத்தில் கண்ட இந்த அறம் வன்னி மண்ணிலும் சோதனைக்கு உள்ளாகியது. 1977 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து இனக்கலவரத்தினால் மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தன. அவர்களுக்குக் கைகொடுத்த காந்தீயம் அமைப்பை முன்னின்று நடத்தியவர்கள் இருவர். ஒருவர் கரம்பனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்து, வெளிநாடுகளில் தொழில் பார்த்துத் திரும்பியவர். மற்றவர் வவுனியாவில் வைத்தியராக இருந்த இராசசுந்தரம். நெடுங்கேணிப் பகுதியை அண்டிய டொலர் பண்ணை, கென்ற் பண்ணை ஆகியவற்றிலும் மலையகக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன.

கட்டடம் வரைபவரும், நோய் தீர்ப்பவரும், கொழுந்து பறித்தவரும், வன்னிக் கமக்காரரும் ஒரே நிலத்தில் நின்ற காலம் அது. மலைநாட்டிலே ஆண்டின் பெரும்பகுதியும் ஈரமுண்டு. வன்னியிலோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்யும் மாரியை நம்பியே ஆண்டு முழுவதும் வாழ வேண்டும். எந்த மழைக்கு விதைப்பது, குளத்துத் துருசை எப்போது திறப்பது, யானை வரும் பாதை எது என்பனவெல்லாம் இம்மண்ணிலே பிறந்தவர் அறிந்த அறிவு. கட்டடக் கலைஞரின் பட்டமோ, வைத்தியரின் சான்றிதழோ, தேயிலைச் செடியோடு பழகிய விரல்களோ அவ்விடத்தில் மாணவர் நிலையிலேயே நிற்க வேண்டியிருந்தன. அவ்வாறே, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வந்த கமக்காரர் வைத்தியரின் முன்னே மாணவராக நின்றார். உடன் உழைப்பதென்பது இவ்வாறு மாறி மாறி மாணவராகச் சம்மதிப்பதே.

அந்த முயற்சி நீடிக்கவில்லை. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27 இல் வெலிக்கடைச் சிறையிலே இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பிப் பல ஆண்டுகள் தமிழகத்தில் வாழ்ந்து, 2015 இல் கிளிநொச்சியிலே காலமானார். பண்ணைகளில் இருந்த குடும்பங்கள் 1984 இல் வெளியேற்றப்பட்டன. அதன்பின் அங்கு குடியேற்றப்பட்ட சிங்கள மக்களும் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் கொல்லப்பட்டனர். அந்த நிலம் இரு இனத்தாரின் துயரையும் கண்டது.

வெளியார் செய்த கொடுமைகளைக் கூறுமிடத்து, உள்ளே இருந்த குறையையும் கூறாமல் விடுவது நேர்மையன்று. மலையகத்திலிருந்து வந்து வன்னியிலே காடு வெட்டிக் கழனியாக்கிய மக்களை, ஒரு தலைமுறை கடந்த பின்னரும் ‘தோட்டக்காட்டார்’ என்று அழைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பு வேண்டப்பட்டது. பந்தியிலும் சபையிலும் அவர்களுக்குரிய இடம் எளிதிற் கிடைக்கவில்லை. தாம் திருத்திய காணிக்கு உறுதிப் பத்திரமின்றி வாழ்ந்தோர் பலர். தொழிலைப் பாராட்டி, தொழிலாளியை வாசலிலே நிறுத்துவது சம மரியாதை ஆகாது. திருச்சாத்தமங்கையிலே திருநீலநக்க நாயனார், சம்பந்தரின் சொற்படி, பாணருக்கும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாருக்கும் தம் இல்லத்து வேள்வி வேதிகையின் அருகிலேயே இராத் தங்க இடங்கொடுத்தார். வாயினாற் புகழ்வதைவிட இடங்கொடுப்பதே பெரிது.

பிறர் அறிவை மதிக்கப் பழக்கும் இன்னொரு பள்ளிக்கூடம் வன்னியில் உண்டு. அதுவே கூத்து. பகலெல்லாம் வயலில் நின்றவர்கள் இரவிலே கோவலன் கூத்துப் பழகக் கூடும்போது, பகலின் வரிசை அங்கே செல்லாது. அண்ணாவியார் காணியில்லாதவராக இருக்கலாம். ஆனால் பத்து ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரரும் அவர் தாளத்துக்கே ஆட வேண்டும். பிழைத்தால் அவரிடமே ஏச்சு வாங்க வேண்டும். பொழுதுபோக்கு என்று சிலர் தள்ளிவிடும் இக்கலை, ஒருவர் எல்லா இடத்திலும் பெரியவர் அல்லர் என்பதை ஏட்டுப்படிப்பின்றியே உணர்த்திவிடுகின்றது.

“அப்படியானால் அறியாத தொழிலில் எவரும் வாய் திறக்கக்கூடாதா? தவறு நடந்தாலும் பார்த்திருப்பதா?” என்று ஒருவர் கேட்கலாம். குளக்கட்டிலே நீர் கசிவதைக் கண்டால் சிறுவனும் சத்தமிட வேண்டும்; அது அவன் கடமை. அதை எப்படி அடைப்பது என்பதை மட்டும் கட்டின் தன்மை அறிந்தவரிடம் விட வேண்டும். கேள்வி கேட்பது உரிமை. அறியாமல் கட்டளையிடுவது செருக்கு. அவ்வாறே கேள்வியைக் கேட்டுச் சினப்பதும் தொழிலறிந்தவர்க்கு இழுக்காகும்.

போர் முடிந்து, 2009 இன் பின்னர் மக்கள் மீளக்குடியமர்ந்த காலத்தில் இவ்வுண்மை உயிரோடு சம்பந்தப்பட்டதாயிற்று. கண்ணிவெடி அகற்றும் பணியில் வன்னியைச் சேர்ந்த ஆண்களோடு பெண்களும் ஈடுபட்டார்கள். வெயிலிலே தலைக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார்கள். அவர்களுடைய கருவி எழுப்பும் ஒலியின் பொருளைக் கமக்காரர் அறியார். “இனிப் போகலாம்” என்ற சொல்லை நம்பியே தம் வரம்பிலே காலை வைத்தார். அங்கே மதிப்பு என்பது வெறும் பண்பாட்டு மொழியன்று. ஒருவர் தம் காலையும் பிள்ளையின் காலையும் மற்றவரின் திறமையின்மீது வைப்பதாகும்.

ஆழ்ந்து நோக்கினால், எந்நாளும் எல்லோரும் அவ்வாறே வாழ்கின்றனர். பேருந்தில் ஏறுபவர் சாரதியை நம்புகிறார். பிரசாதம் உண்பவர் மடைப்பள்ளியை நம்புகிறார். கண்ணிவெடி நிலத்திலே வெளிப்படையாகத் தெரிந்த நம்பிக்கை ஏனைய இடங்களில் மறைந்திருக்கின்றது. மறைந்திருப்பதனாலேதான் நன்றியும் மறந்து போகின்றது.

ஆலய மலர்களிலே உபயகாரரின் பெயர்கள் அச்சாகின்றன, அது முறையே. எச்சில் இலை எடுத்தவரின் பெயரும், வீதி கூட்டியவரின் பெயரும், சாரத்தில் ஏறியவரின் பெயரும் அதே பக்கத்தில் அச்சாகும் நாள் வரவேண்டும். அதற்கு முன்னதாக, அவர்களிடம் வேலை சொல்லுமுன் “இதை எப்படிச் செய்தால் நல்லது?” என்று ஒருவர் கேட்கத் தொடங்கினால் போதும். அக்கேள்வியைக் கேட்கும் பணிவை எல்லோருக்கும் இறைவன் அருள்வானாக.