யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

டிசம்பர் 31 மாலை ஜெர்மனியில் தொலைக்காட்சியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் ஒரு புலித்தோல் விரித்துக் கிடக்கும். ஜேம்ஸ் என்ற வயதான பணியாள் தட்டோடு வரும்போதெல்லாம் புலியின் தலையில் கால் இடறித் தடுமாறுவார். 'டின்னர் ஃபார் ஒன்' என்ற 18 நிமிட நாடகம் அது. 1963இல் ஹாம்பர்க்கில் என்.டி.ஆர். நிறுவனம் பதிவுசெய்தது. நடித்த ஃபிரெடி ஃபிரிண்டன், மே வார்டன் இருவரும் ஆங்கிலேயர்கள், பேச்சும் ஆங்கிலம்தான். ஆனால் இங்கிலாந்தில் பலருக்கு இது தெரியாது. ஜெர்மானியர்களுக்கோ இது இல்லாமல் புத்தாண்டு பிறக்காது.

மிஸ் சோஃபிக்கு 90ஆவது பிறந்தநாள். விருந்துக்கு வரவேண்டிய நான்கு நண்பர்களும் எப்போதோ இறந்துவிட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் மது ஊற்றி, அவர்களுக்குப் பதிலாக ஜேம்ஸே குடிக்கிறார். நான்கு பேர், நான்கு சுற்று. போன வருடம்போலத்தானா என்று அவர் கேட்க, எல்லா வருடமும்போலத்தான் என்று அம்மையார் சொல்வார்.

மேற்படிப்புக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மாணவர் விடுதியில் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து இடறப்போகிறார் என்று தெரிந்தும் சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யோசித்தால், 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சிக்கு எங்கள் வீட்டிலும் அப்படித்தான். படம் வந்தது 1989இல். இன்றும் தம்பியும் நானும் தொலைபேசியில் பேசினால் பாதி கவுண்டமணி, மீதி செந்தில். இருபது வருடப் பிரிவை அந்த வசனங்கள்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

போன புத்தாண்டு இரவு, ஜேம்ஸ் முடிந்ததும் என் பதின்மூன்று வயது மகளுக்கு வாழைப்பழக் காட்சியைக் காட்டினேன். கவுண்டமணி இரண்டு பழம் வாங்கக் காசு கொடுக்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதையே காட்டுகிறார். மகள் நன்றாகவே சிரித்தாள். யூடியூப் தானாக அடுத்த காட்சிக்குப் போனது. வேறு ஏதோ படம். செந்திலின் நிறத்தைச் சொல்லிக் கேலி. பழக்கத்தில் நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, அவரோட கலர்தான் ஜோக்கா?"

முந்தைய வருடம் வகுப்பில் ஒரு பையன் அவள் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, சும்மா விளையாட்டுக்கு என்றான். நான் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு ஆசிரியரைப் பார்த்து, இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை அவள் மறக்கவில்லை.

அந்தக் காலம் அப்படி, அது வெறும் சினிமா, நமக்குள்ளே பேசிக்கொள்வதுதானே என்று எனக்கு மூன்று பதில்கள் தோன்றின. மூன்றுமே அந்தப் பையன் சொன்ன பதில்தான், தமிழில்.

அப்படியானால் எல்லாவற்றையும் தலைமுழுகிவிட வேண்டுமா? ஆனால் வாழைப்பழத்துக்கு அவளே சிரித்தாளே. அங்கே காசும் அதிகாரமும் கவுண்டமணியிடம். ஆனாலும் அவர் எவ்வளவு கத்தினாலும் கை ஓங்கினாலும் ஜெயிப்பது செந்திலின் அசையாத தர்க்கம். ஜேம்ஸும் அப்படித்தான். ஒருமுறை புலித்தலையில் இடறாமல் தாண்டிவிட்டு, அவரே திகைத்து நிற்பார். நாம் சிரிப்பது அவர்கள் செய்வதைப் பார்த்து. நிறக் கேலியில் செந்தில் எதையும் செய்யத் தேவையில்லை. வந்து நின்றாலே போதும். ஒருவர் செய்வதைப் பார்த்துச் சிரிப்பதற்கும், அவர் இப்படி இருக்கிறார் என்பதற்காகச் சிரிப்பதற்கும் நடுவில்தான் கோடு விழுகிறது என்று நினைக்கிறேன்.

இந்தக் கோடு எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடாது. குடித்துத் தள்ளாடும் வேலைக்காரரைப் பார்த்து ஒரு நாடே சிரிப்பது சரியா என்றால், சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியாது. செந்தில் வாங்கும் அடியும் வலிக்காத அடி இல்லை. மேலும், சிரிப்பு கேட்டுக்கொண்டு வருவதில்லை. மனசு யோசிப்பதற்குள் உடம்பு சிரித்துவிடுகிறது. முப்பது வருடப் பழக்கம் ஒரு கேள்வியில் போய்விடாது. ஆனால் சிரித்த பிறகு என்ன சொல்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆசிரியரிடம் ஒரு நியாயம், சோஃபாவில் ஒரு நியாயம் என்றால், குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுப்பது இரண்டாவதைத்தான்.

"ஆமாம்மா, கலர்தான் ஜோக். நான் சிரிச்சது தப்பு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். வெளியே யாரோ அவசரப்பட்டுப் பட்டாசு வெடித்தார்கள்.

"சரி, அந்த வாழைப்பழத்தைத் திரும்பப் போடுங்க" என்றாள்.